பன்றி ரூபாயும் கட்டிங் பிளேயரும்

முதல் மூலையில் கட்டிங் பிளேயரை வைத்து அழுத்தியதும் 'டப்'பென்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து, "என்னங்க உடைஞ்சுது?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஒண்ணுமில்லாததன் விலை 11,500 ரூபாய் என்று புரிய மூன்று வருஷம் ஆனது.

நான் உடைத்தது ஒரு ஸ்லாப்பை. உள்ளே இருந்தது 1911-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். காசு சேர்க்கிறவர்களுக்கு ஸ்லாப் என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: நாணயம் அசலா என்று பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணித்து, மதிப்பெண் போட்டு, உள்ளங்கை அளவு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. பிசிஜிஎஸ் 1985-இல், என்ஜிசி 1987-இல், இரண்டுமே அமெரிக்காவில் தொடங்கியவை. மதிப்பெண் எழுபதுக்கு. ஏன் நூறுக்கு இல்லை என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அந்த ஊர்ப் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்காம் அது. அடிமட்ட நிலையில் உள்ள காசு ஒரு டாலர் பெறும் என்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் கிடைத்தால் எழுபது டாலர். அந்த விலைக்கணக்கு எப்போதோ செத்துவிட்டது, எழுபது மட்டும் தங்கிவிட்டது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் கை மாறாத புதுக்காசு. என்னுடையது 58. கிட்டத்தட்டப் புதுசு, ஆனால் மேடான இடங்களில் ஒரு பொட்டுத் தேய்மானம்.

நான் காசு வாங்கப் பழகியது மூர் மார்க்கெட்டில், பள்ளிக்கூடப் பையனாக. 1985-இல் அது எரிந்துபோனது. அங்கே கிரேடு என்பது கடைக்காரரின் வாய்தான். "நல்ல பீஸ் தம்பி" என்றால் அது 58, "சுமாரா இருக்கும்" என்றால் அது தேய்ந்த வழுக்கை. அப்படி வளர்ந்தவனுக்கு, பெட்டிக்குள் எண் ஒட்டி வந்த காசைப் பார்த்தபோது முதலில் வந்தது மரியாதை, அப்புறம் எரிச்சல்.

1911 ரூபாயைச் சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்பார்கள். மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலிப் பதக்கத்தில் ஒரு குட்டி யானை உண்டு. செதுக்கியவர் தும்பிக்கையைக் கட்டையாக விட்டுவிட்டதால் பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்ப, வெளியே விடாமல் இருந்ததில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. 1912 காசில் யானைக்குத் தும்பிக்கை ஒழுங்காக நீண்டுவிட்டது. இந்தக் கதைக்காகவே இந்தக் காசுக்கு எப்போதும் ஆள் உண்டு. நான் 2016-இல் ஒரு ஏலத்தில் கமிஷன் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு எடுத்தேன்.

சரி, ஏன் உடைத்தேன்? ஆல்பம்தான் காரணம். 1911-லிருந்து 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களை வரிசையாக வைத்திருக்கிறேன். 1921-உம் 1922-உம் சுலபத்தில் சிக்காது, அந்த இடங்கள் காலியாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வரிசையின் முதல் ஓட்டையே காலி. அந்தக் காசு பீரோவில் தனியே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு ஸ்லாப்பின் முகத்தில் கீறல்கள், சரியாக அந்த யானை இருக்கும் இடத்தின் மேல். லென்ஸை வைத்தால் கீறல்தான் பெரிதாகத் தெரிந்தது. கீறல் பெட்டியில்தான், காசில் இல்லை. பிளாஸ்டிக் பாலிஷ் கொஞ்சம் துணியில் தொட்டுத் தேய்த்திருந்தால் முக்கால்வாசி போயிருக்கும். இதை எனக்கு ஒருவர் சொன்னது உடைத்து ஆறு மாதம் கழித்து.

உடைத்த விதத்தையும் சொல்கிறேன், அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காக. மூலைகளை வெட்டியதும் பெட்டி வாய் பிளந்தது. காசு ஒரு வெள்ளை ரப்பர் மாதிரியான வளையத்துக்குள் இறுக்கமாக மாட்டியிருந்தது. கவிழ்த்துத் தட்டினேன், விழவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தித் தள்ளினேன். 'பொசுக்'கென்று வெளியே வந்தது. கையில் வைத்துப் பார்த்த அந்த ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பெட்டிக்குள் இருக்கும்போது அந்தக் கனம் தெரியாது. அப்புறம் ஆல்பத்தில் செருகி, வரிசையின் முதல் ஓட்டை நிறைந்ததைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஆல்பத்தைத் திறந்தபோது ராஜாவின் கன்னத்தில் பழுப்பாக என்னவோ இருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், வளைவு வளைவாகக் கோடுகள். என் கட்டைவிரல் ரேகை. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசையும் உப்பும் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்று கிடைத்ததும் மெதுவாக வெள்ளியைத் தின்ன ஆரம்பிக்கும். தொட்ட அன்றே சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்திருந்தால் பசை கரைந்திருக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேறு, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், தேய்க்காமல், சும்மா முக்கி எடுக்க வேண்டும். ரேகை பழுப்பாகப் பதிந்த பிறகு அசிட்டோனால் பயன் இல்லை. அதற்கு மேல் எதைப் போட்டுத் தேய்த்தாலும் ரேகையோடு காசின் தோலும் போகும்.

2022-இல், பம்பாயில் அடித்த 1921 ரூபாய் ஒன்று விற்பனைக்கு வந்தது. பணம் பற்றவில்லை. பன்றி ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்று சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். அங்கே கடை போட்டிருந்த ஒரு டீலர், பல வருஷப் பழக்கம், லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"காசு அசல்தான் சார், அதுல சந்தேகமே இல்ல. 58-னு யார் சொன்னது?"

லேபிளைப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

"லேபிள் இருக்கு, பெட்டி எங்க? இதே காசுதான் அதுக்குள்ள இருந்துச்சுன்னு நான் என் கஸ்டமருக்கு எப்படி சொல்றது?" அப்புறம் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தார். "ராஜா மூஞ்சில கைநாட்டு வேற வெச்சிருக்கீங்க."

6,500 சொன்னார். கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் 18,000 கொடுத்தது வெள்ளிக்கு மட்டும் இல்லை, 'இது அசல், இது 58' என்று மூன்றாவது மனிதர் ஒருவர் சொன்ன சாட்சிக்கும் சேர்த்துத்தான். அந்தச் சாட்சியை நானே கட்டிங் பிளேயரால் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். காசைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். இப்போதும் ஆல்பத்தில்தான் இருக்கிறது. 1921 வேறு யாருக்கோ போயிற்று.

"மறுபடி அனுப்பி கிரேடு வாங்கிக்கலாமே" என்று கேட்பீர்கள். அக்கா மகனும் அதையேதான் கேட்டான். அவன் நியூஜெர்சியில் இருக்கிறான், மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக் காசு சேர்க்கிறான். அங்கே உடைப்பது ஒரு ஆட்டம். 64 வாங்கிய காசு 65-க்குத் தகுதி என்று தோன்றினால் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புவார்கள். எண்ணைப் போடுபவர்களும் மனுஷர்கள்தானே, இன்றைக்கு ஒரு கண், நாளைக்கு ஒரு கண். ஒரு புள்ளி கூடினால் சில வருஷத்துக் காசுகளுக்கு விலை பல மடங்கு எகிறும். இவன் ஐந்து மார்கன் காசுகளின் பெட்டியை உடைத்து அனுப்பினான். மூன்று பழையபடி 64, ஒன்று 65, ஒன்று 63. கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் கழித்தால் கூடிய ஒரு புள்ளி குறைந்த ஒரு புள்ளியைக்கூட ஈடுகட்டவில்லை. இந்த ஆட்டத்தால் இன்னொரு கோளாறும் உண்டு. உடைத்தவர்கள் பழைய லேபிளைத் திருப்பி அனுப்பாவிட்டால் கம்பெனியின் கணக்கில் ஒரே காசு இரண்டு மூன்று காசாக நிற்கும். 'இந்தக் கிரேடில் உலகத்திலேயே இத்தனைதான்' என்ற எண்ணை நான் அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஆனால் அவன் ஆட்டம் நமக்குச் செல்லாது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. 1911 ரூபாய் 2011-லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. கிரேடிங்குக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். 'தபாலில் சும்மா போட்டுடலாம், யார் பார்க்கிறாங்க' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே பெட்டிக்குள் இந்தியாவில் இருக்கும் நூறு வருஷக் காசு, நதியைக் கடந்து வந்து படகு போய்விட்ட ஆள் மாதிரி. உடைத்தால் திரும்பிப் போக வழி கிடையாது. இந்தக் கோடு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருஷம் முன்னால் நகர்கிறது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2020-இல் அனுப்பியிருக்கக்கூடிய 1922 காசு இன்றைக்கு அனுப்பக்கூடாத காசு. நூறு வருஷம் தாண்டிய காசின் ஸ்லாப்பை, விற்கும் எண்ணம் மனசின் ஓரத்தில் இருந்தால்கூட, தொடாதீர்கள். இவ்வளவுதான் என் கட்சி.

அதற்காகப் பிளாஸ்டிக்கைக் கும்பிடச் சொல்லவில்லை. பெட்டியே போலியாக வருகிறது, லேபிள், ஹோலோகிராம் சகிதம். நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, படம் இருந்தால் காசோடு ஒப்பிட்டு, ஒட்டிய விளிம்பில் உருகிய தடமோ வெண்மையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். காற்று உள்ளே போகாது என்பதும் சிலர் நம்பிக்கை. போகும். எங்கள் வீடு கடலிலிருந்து நடக்கிற தூரம். ஸ்லாப்புக்குள் இருந்த வெள்ளி அரை ரூபாய் ஒன்றுக்கு விளிம்பைச் சுற்றிப் பழுப்பு ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். சிலிகா ஜெல் பொட்டலம் ஸ்லாப் வைக்கும் டப்பாவிலும் வேண்டும். ரப்பர் பேண்டு மட்டும் கூடவே கூடாது, அதில் இருக்கும் கந்தகத்துக்கு வெள்ளி என்றால் கொள்ளை ஆசை. வெளியே எடுத்த காசை, மோந்து பார்த்தால் புது ஷவர் திரை மாதிரி வாடை அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். அது பிவிசி. நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுப்பு விடும். கொஞ்சம் மொடமொடவென்று இருக்கும் பாலியெஸ்டர் உறை அல்லது கெட்டிக் கேப்சூல்தான் சரி.

உடைப்பதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. விக்டோரியா 1862 ரூபாய் ஒன்றைப் பெட்டியில்லாமல் வாங்கினேன். 'ஒரிஜினல் லஸ்டர்' என்று சொன்னார்கள், பளபளப்பும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் பழைய ஏலப் படங்களை மேய்ந்துகொண்டிருந்தபோது ராணியின் கழுத்துக்குப் பக்கத்தில் அதே கீறல், அதே காசு, ஸ்லாப்புக்குள். லேபிளில் மதிப்பெண் இல்லை, 'டீடெயில்ஸ், கிளீன்டு' என்று இருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்த காசு என்று அர்த்தம். யாரோ அந்த வாக்குமூலத்தை உடைத்துப் போட்டுவிட்டுக் காசை மட்டும் விற்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெட்டியில்லாத விலையுயர்ந்த காசு எதை வாங்கினாலும் முதலில் ஏலப் படங்களைத்தான் தேடுகிறேன். இதில் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கும் அதே சபலம் வந்தது, என் அம்மாவின் காசு விஷயத்தில்.

அது 1942-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய். விலை ஒன்றும் பெரிதில்லை. 1940-லிருந்து ரூபாயில் வெள்ளி பாதிதான். தாத்தா கொடுத்ததாக அம்மா சொல்வார். குங்குமச் சிமிழோடு பூஜை அலமாரியில் இருந்தது. அம்மா போன பிறகு, கிரேடிங்குக்கு மொத்தமாக அனுப்பும் ஒருவர் மூலம் அதையும் அனுப்பினேன். நூறு வருஷம் ஆகவில்லை என்பதால் தடையில்லை. கட்டணம் காசின் விலையைப் போலப் பல மடங்கு. எதற்கு அனுப்பினேன் என்று இப்போது கேட்டால் தெரியவில்லை. பெட்டிக்குள் போட்டால் பத்திரம் என்று நினைத்தேன் போல.

திரும்பி வந்த லேபிளில் மதிப்பெண் இல்லை. 'கிளீன்டு'. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ராஜாவின் தலையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள், வட்ட வட்டமாக. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு, சிமிழ், கிண்ணம், காசு எல்லாவற்றையும் அம்மா விபூதி போட்டுத் தேய்ப்பார். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் அம்மாவின் விபூதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

உடைத்துக் கொடுத்தால் கண்காட்சியில் நல்ல காசென்று போய்விடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. விற்கவில்லை. ஆனால் உடைத்தேன், போன வருஷம், இந்தத் தடவை ஒழுங்காக. உடைக்கக் காரணமும் இருந்தது. இந்த ரூபாயின் பார்க்க வேண்டிய இடமே விளிம்புதான். கள்ளக்காசு அடிப்பதைத் தடுக்க, 1940-இல் வெள்ளியைக் குறைத்தபோது பல் பல்லான விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் ஓட விட்டார்கள். விரல் நகத்தை வைத்து உருட்டினால் பள்ளம் தட்டுப்படும். வந்த பெட்டியின் வளையம் அதை முழுக்க மூடியிருந்தது.

முதலில் பெட்டியோடு இரண்டு பக்கமும் படம் எடுத்தேன், லேபிள் நம்பர் தெளிவாகத் தெரியும்படி. பழைய கால ஸ்லாப் இல்லையே என்றும் பார்த்துக்கொண்டேன். பிசிஜிஎஸ் ஆரம்பத்தில் போட்ட, ஆட்டினால் காசு கடகடக்கும் பெட்டிகளை இப்போது பெட்டிக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள், கலிகாலம். அப்புறம் கட்டிலில் தடித்த துண்டை நாலாக மடித்து விரித்தேன். தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கும், கட்டிலுக்கடியில் உருண்டால் இடுப்பு பிடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டேன், சில்லு கண்ணுக்குத்தான் பறக்கும். சுத்தியல் எடுக்கவே இல்லை. பெட்டியைத் துணியால் சுற்றி, காசிலிருந்து தூரமாக உள்ள லேபிள் பக்கத்து மூலைகளை மட்டும் வெட்டி, வாய் திறந்ததும் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் விட்டு மெல்லத் திருப்பினேன். இரண்டு பாதியும் பிரிந்தன. காசைத் தொடாமல் வளையத்தை மட்டும் இரண்டு பக்கமும் பிடித்து வெளிப்பக்கமாக வளைத்தேன். காசு தானாகத் துண்டில் விழுந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்திருந்தேன். துணிக் கையுறை எனக்கு வழுக்குகிறது, அதனால் வெறுங்கைதான். ஆனால் விளிம்பை மட்டும் பிடித்தேன், நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். நகர்ந்து நகர்ந்து போயிற்று.

சத்தம் இந்த முறையும் கேட்டிருக்கிறது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். காசை வாங்கிக்கொண்டு போய்ச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள். லேபிளை நான் ஒரு கவரில் போட்டு, படத்தோடு, பீரோவில் வைத்திருக்கிறேன். பிறகு யாராவது விற்கப் போனால் 'கிளீன்டு' என்பது தெரிந்தே விற்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை சாமான்களை எல்லாம் தாம்பாளத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், கையில் விபூதியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் தேய்க்கலாமாங்க?"

"தேய்."